கொம்பையா முதுகுக்கு மண்டகப்படி

கொத்தாளங்குளத்துக் கொம்பையா பந்து போட ஓடி வந்தானென்றால், அவன் உலகத்தின் எந்த மூலையில் ஓடி வந்தாலும் சரி, கொத்தாளங்குளத்தில் யாராவது ஒருத்தருக்கு இடுப்புக்கு மேலே, தண்டுவடத்துக்கு இடது ஓரமாகச் சுருக்கென்று ஒரு குத்து விழும். பந்து போட்டவனுக்கு ஒன்றும் வலிக்காது. சில ஊரில் தண்ணீர் உப்பாக இருக்கும், சில ஊரில் ஆடிக்காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகும், இந்த ஊரில் இப்படி, அவ்வளவுதான் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டு ரொம்ப நாளாயிற்று.

முதலில் கண்டுபிடித்தவர் புரோட்டாக்கடை சிந்தாமதார். ஒரு மத்தியானம் மாவை வீசிக்கொண்டிருந்தவர் அப்படியே கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். கிட்னியில் கல் என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கல்லும் இல்லை மண்ணும் இல்லை என்றார். சிந்தாமதார் சும்மா இருக்கிற ஆள் இல்லை, வலியைக் கவனித்துக்கொண்டே இருந்தார். ஆறு குத்து, அப்புறம் கொஞ்சம் ஓய்வு, திரும்ப ஆறு குத்து. "நடுவுல ஒரு தடவை மட்டும் எட்டு குத்து விழுந்துச்சு, டாக்டரே" என்று அவர் சொன்னபோது, சென்னையில் கொம்பையா ஆடின மேட்ச்சைப் போனில் பார்த்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் தலையைத் தூக்கி, "ரெண்டு வைடு போட்டான்லா பாய்!" என்றார். அன்றோடு சந்தேகம் தீர்ந்தது.

அதற்கப்புறம் வலி யார்மேல் விழும் என்று சொல்ல முடியாமல் இருந்தது. சைக்கிளில் போன தபால்காரர்மேல் விழுந்தது, வளைகாப்புக்கு உட்கார்ந்திருந்த பெண்மேல் விழுந்தது, ஒருநாள் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளைமேல் விழுந்து, அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் பெண்வீட்டார் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தார்கள். பிறகு சித்திரைத் திருவிழாவில் ஆயிரங்கண்ணுடையாள் கோவில் பூசாரிக்குக் கையில் காப்புக் கட்டினார்கள் பாருங்கள், அந்தப் பத்து நாளும் கொம்பையா போட்ட பந்தெல்லாம் பூசாரி முதுகிலேயே வந்து இறங்கியது, வேறு ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. ஆத்தா காலடியில் வைத்து எடுத்த மஞ்சள் நூல் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் வலி என்று அப்போது தெரிந்தது. கட்டினால் தொடர் முடிகிறவரைக்கும் அவிழ்க்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. துணிக்கடைக்காரர் ஒருவர் பாதியில் கத்தரித்துப் போட்டார். இன்றைக்கும் தெருவில் பிள்ளைகள் ரப்பர் பந்து போட்டால்கூட அவருக்குச் சுருக்கென்கிறது.

கொம்பையாவின் அக்காள் தங்கபுஷ்பம். பைபாஸ் ரோட்டில் பெட்ரோல் பங்க்கில் வேலை. நீலச் சட்டை, தலையில் தொப்பி, வண்டிக்காரன் போனை நோண்டிக்கொண்டே டேங்க்கைத் திறக்காமல் நின்றால், "என்ன சார், தியானமா?" என்று கேட்கிற வாய். ஸ்கூல் கிரவுண்டில் தங்களைச் சேர்க்காத காலத்தில் அவள் தெருவான ஓடைக்கரையின் பிள்ளைகள் வறண்ட ஓடைக்குள்ளேயே ஆடினார்கள். அங்கே தென்னமட்டையைப் பிடித்துக்கொண்டு தம்பியின் பந்துக்கு நின்றவள் அவள்தான். அவன் பந்து எகிறி அவள் தாடையில் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது, அதை யாராவது கேட்டால் "அவன் முதல் விக்கெட் நான்தான்" என்பாள்.

கொம்பையா நாட்டு டீமில் எடுக்கப்பட்ட அன்றைக்கு ஊர்க்கூட்டம் போட்டார்கள். தர்மகர்த்தா அணைஞ்சபெருமாள், ரைஸ்மில் முதலாளி, துண்டை உதறிக்கொண்டு எழுந்து, "இம்புட்டு நாளும் வலி கண்டவன் மேலயும் விழுந்தது சரி. இனி நாட்டுக்காகப் படுற வலி. அதுக்கு ஒரு முறை வேண்டாமா?" என்று கேட்டார். ஊர் ஆமென்றது. முறை என்றால் ஊருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். சித்திரைத் திருவிழா பத்து நாளுக்கும் பத்து மண்டகப்படி. ஒரு நாளுக்கு ஒரு வகையறா, அன்றைய பூவும் விளக்கும் பொங்கலும் அவர்கள் செலவு, அன்றைக்கு மைக்கில் அவர்கள் பெயர்தான் முதலில், பரிவட்டமும் அவர்கள் தலைக்குத்தான். அந்தப் பத்து நாளில் ஓடைக்கரைத் தெருவுக்கு ஒரு நாள் கிடையாது. தீவட்டி பிடிக்க, மேளம் அடிக்க, தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட, முடிந்தபின் எச்சிலை எடுக்க ஓடைக்கரை வேண்டும். பெயர் சொல்ல வேண்டாம்.

அதே முறைதான் கொம்பையா முதுகுக்கும் வந்தது. டெஸ்ட் மேட்ச் மேலத்தெருவுக்கு, ஒருநாள் ஆட்டம் நடுத்தெருவுக்கு, இருபது ஓவர் ஆட்டம் வடக்குத்தெருவுக்கு என்று பிரித்தார்கள். ஓடைக்கரையிலிருந்து போனவர்கள் மண்டபத்துப் படிக்குக் கீழே நின்று, "பையன் எங்க தெருப் பையன். அவன் வலி எங்களுக்குத்தான முதல்ல?" என்று கேட்டார்கள். "மிச்சம் இருந்தாப் பாப்போம்" என்றார் தர்மகர்த்தா. பெற்று வளர்த்த தெருவுக்குப் பிள்ளையின் முதுகு வலியில்கூடப் பாத்தியதை இல்லாமல் போனது.

மிச்சம் இருந்தது. கடல் தாண்டிப் பவளத்தீவு என்ற இடத்தில் பணக்காரர்கள் டீம் வாங்கி நடத்துகிற லீக்கில் கொம்பையாவை ஏலத்தில் எடுத்தார்கள். மேலத்தெரு மூக்கைச் சுளித்தது. "ஏலத்துல போனவன் ஆட்டத்துக்கெல்லாம் ஆத்தா காப்பா? ஓடைக்கரையே வச்சிக்கிடட்டும்" என்று தள்ளிவிட்டார்கள். ஓடைக்கரை அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டது. "ஆத்தா கையில இருந்த எலுமிச்சம்பழத்தையே நீங்க வருசா வருசம் ஏலந்தான விடுதீங்க? எங்க பையன் ஏலத்துல போனா மட்டும் என்ன குறைச்சல்?" என்று தங்கபுஷ்பம் பங்க்கில் நின்று பெட்ரோல் அடித்துக்கொண்டே கேட்டது ஊரெல்லாம் பரவியது.

ஏல ஆட்டத்தின் முதல் சாயங்காலம் ஓடைக்கரையில் காப்புக் கட்டினவர் கொத்தனார் பால்துரை. ஆறு குத்தில் அவர் முகம் கறுத்துப் போனதைப் பார்க்கச் சகிக்காமல், அவர் பெண்டாட்டி பேச்சித்தாய் நூலின் தொங்கின நுனியை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். அடுத்த ஓவரில் குத்து பாதியாகிவிட்டது. அட, இது நல்லாயிருக்கே என்று பக்கத்து வீட்டுக்காரி இன்னொரு நூலை முடிச்சுப் போட்டுத் தன் கையில் கட்டினாள், அவளிடமிருந்து அடுத்த வீடு, அடுத்த வீட்டிலிருந்து எதிர் வரிசை, இப்படியே தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் மஞ்சள் நூல் போய்ச் சேர்ந்தபோது கொம்பையாவின் நாலாவது ஓவர். எறும்பு கடித்த மாதிரி ஆறு தடவை தெரு முழுக்க ஒரே நேரத்தில் "உஸ்" என்றது, அப்புறம் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து ஏல ஆட்டம் என்றால் ஓடைக்கரையில் மேளமும் பாயசமும்தான்.

இதை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. தங்கபுஷ்பமே போய்ச் சொன்னாள், நூலைச் சேர்த்துப் பிடித்தால் வலி பங்காகிவிடும் என்று. மேலத்தெருவில் அதைக் கேட்டு ஒருதரம் செய்தும் பார்த்தார்கள். அண்ணன் தம்பி ரெண்டு பேர் பிடிக்கப் போய், யார் கையில் முதல் முடிச்சு என்று சண்டை வந்து, இழுத்த இழுப்பில் ரெண்டு கைக்கும் நடுவே நூல் அறுந்தது. "பரிவட்டத்தை ரெண்டு தலைக்குக் கட்ட முடியுமா? மரியாதைன்னா ஒரு ஆளுக்குத்தான்" என்று தர்மகர்த்தா முடித்துவிட்டார். ஏல ஆட்டமென்றால் வலியும் லேசாகத்தானே இருக்கும், துட்டுக்கு ஆடுகிற ஆட்டந்தானே என்று மேலத்தெரு தனக்குள் ஒரு விளக்கம் வைத்துக்கொண்டது.

டெஸ்ட் மேட்ச் ஒருநாள் கூத்து இல்லை. காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்கிறவரைக்கும், அதுவும் அஞ்சு நாள். கொம்பையாவுக்குத்தான் வலிக்காதே, கேப்டன் பந்தைக் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார். மற்ற பவுலர்கள் ஐஸ்கட்டியில் இடுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவன் ஒருத்தன் மட்டும் காலையில் போட்ட அதே வேகத்தில் மாலையிலும் போட்டான். டீமின் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மிஷினும் கையுமாக ஊருக்கே வந்து இவன் என்ன சாப்பிட்டு வளர்ந்தான் என்று விசாரித்தார். சிந்தாமதார் அவருக்குப் புரோட்டா போட்டு உண்மையைச் சொன்னார்; அவர் சிரித்துவிட்டு ரெண்டு பார்சலும் வாங்கிக்கொண்டு போனார்.

மேலத்தெருவில் முதுகு தீர்ந்துகொண்டே வந்தது. பிள்ளைகளெல்லாம் பெங்களூரு, துபாய் என்று போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ரிட்டயர்டு மேனேஜர்களும் ரிட்டயர்டு வாத்தியார்களும். போன தொடரில் காப்புக் கட்டின பேங்க் மேனேஜர் இன்னும் நிமிரவில்லை. ஆகவே மேலத்தெருவில் ஒரு வேடிக்கை நடந்தது. சாயங்காலம் கோவில் முன்னால் நின்று, "நாடுதான் பெருசு! துட்டுக்காக நாட்டை விடுறவன் மனுசனா?" என்று மைக்கில் பேசினவர்களே, காலையில் பங்க்குக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஏ புஷ்பம், உன் தம்பிகிட்டச் சொல்லு. சின்ன வயசு, நாலு காசு சம்பாதிக்க வேண்டாமா? ஏல ஆட்டத்துக்கே போகச் சொல்லேன்" என்றார்கள். "பெட்ரோல் எவ்வளவுக்கு சார்?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

இந்த நிலைமையில்தான் ரெண்டும் ஒன்றாக வந்து முட்டியது. குளிர் நாட்டில் நாட்டு டீமுக்கு அஞ்சு டெஸ்ட் கொண்ட நீண்ட தொடர். அதே வாரங்களில் பவளத்தீவில் ஏல ஆட்டம். லீக்குக்காரர்கள் ஒப்பந்தத்தை நீட்டினார்கள், இந்தத் தடவை வராவிட்டால் இனி எப்போதும் இல்லை என்றார்கள். இந்தப் பக்கம், டெஸ்ட்டை விட்டுவிட்டு லீக்குக்குப் போனால் நாட்டுத் தொப்பியை மறந்துவிட வேண்டியதுதான் என்று சாடையாகச் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். கொம்பையா ஊருக்கு வந்தான்.

வந்தவன் நேரே ஓடைக்குள்தான் இறங்கினான், அக்காளையும் கூட்டிக்கொண்டு. மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பழைய பந்தை விரலுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"உன் மனசுல என்னதான்டே இருக்கு?" என்றாள் தங்கபுஷ்பம்.

"எனக்கு டெஸ்ட்தான்க்கா வேணும்" என்றான். "லீக்ல நாலு ஓவர். அடிப்பான், போடுவேன், பட்டாசு வெடிக்கும், முடிஞ்சிரும். டெஸ்ட்ல அப்படி இல்ல. ஒருத்தனைக் காலையில பாத்து வச்சுக்கிடுவேன். மத்தியானம் பூரா வெளிய போற பந்தாப் போட்டுப் போட்டு அவன் காலை நகத்துவேன், அவனுக்கே தெரியாது. சாயங்காலம் ஒண்ணே ஒண்ணு உள்ள கொண்டாருவேன். அந்த ஒரு பந்துக்காக நாள் பூரா ஓடலாம்க்கா." சொல்லும்போதே அவன் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. பிறகு குரலை இறக்கி, "ஆனா ஏல ஆட்டந்தான் நம்ம தெருவோட மண்டகப்படி. அது ஒண்ணுதான நமக்குன்னு இருக்கு. நான் அதை விட்டுட்டுப் போனா நம்ம தெருவுக்கு என்ன இருக்கு? நீ சொல்லு, நீ போன்னா நான் தீவுக்கே போறேன்" என்றான்.

தங்கபுஷ்பத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, சித்திரையில் ஒரு நாள். அவள் அப்பா முப்பது வருஷம் தீவட்டி பிடித்தவர். சாமிக்கு முன்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டே போய், மைக்கில் ஒவ்வொரு தெருவின் பெயரையும் கேட்டுக்கொண்டே போய், தன் தெருவின் பெயரைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தவர். இந்த ஊர் ஓடைக்கரை வாசலில் வந்து ஒன்று கேட்டு நிற்கிற சமயம் இதுபோல் இன்னொன்று வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதே சமயம் தம்பியின் முகத்தையும் அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை மண்டபத்தில் கூட்டம். மேலத்தெரு மேலே, ஓடைக்கரை வழக்கம்போல் படிக்குக் கீழே. தர்மகர்த்தா இனிப்பாகத்தான் ஆரம்பித்தார். "நாடுன்னா எல்லாருக்கும் பொதுதான? இந்தத் தடவை டெஸ்ட்டுக்கு ஓடைக்கரையே காப்புக் கட்டட்டும். நமக்குள்ள என்ன வித்தியாசம்? மண்டகப்படி பேரு மட்டும் பழைய முறைப்படி மேலத்தெருன்னு இருக்கட்டும்."

படிக்குக் கீழே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பேச்சித்தாய்தான். தங்கபுஷ்பம் வேலை உடுப்போடு முன்னால் வந்தாள். அவள் அப்பா காலத்தில் தர்மகர்த்தாவை முதலாளி என்பார்கள். அவள் பங்க்கில் எல்லோரையும் கூப்பிடுகிற மாதிரி, "அண்ணாச்சி" என்றாள். "வலி எங்களுக்கு, பேரு உங்களுக்கா? வலியைக் கொடுக்கதுல நீங்க எப்பவும் தாராளந்தான் அண்ணாச்சி. பேரோட கொடுங்க. சித்திரையில ஒரு நாள் ஓடைக்கரை மண்டகப்படின்னு இப்பமே மைக்குல சொல்லுங்க. அஞ்சு டெஸ்ட்டையும் நாங்க சுமக்கோம்."

"பத்து நாளுக்கும் ஆள் இருக்கே. பதினோராம் நாளை எங்க போய் வாங்கிட்டு வர? சித்திரை வரட்டும், பேசுவோம்."

"எங்க அப்பாகிட்டயும் அதையேதான் சொன்னீங்க. அப்படின்னா என் தம்பி தீவுக்குப் போறான்."

மண்டபத்தில் பாதிப் பேருக்கு இதைக் கேட்டதும் முதுகு லேசானது. ஆனால் வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தர்மகர்த்தா லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "போகட்டுமே. நாட்டை விட்டுட்டுத் துட்டுக்குப் போனான்னு பேரு ஓடைக்கரைக்குத்தான். நமக்கென்ன?" என்றார். கொம்பையா தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் தங்கபுஷ்பம் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியேறினாள்.

வீட்டு வாசலில் செருப்பை உதறினவள் அப்படியே நின்று, "நீ டெஸ்ட்டுக்கே போ" என்றாள்.

"அக்கா?"

"போன்னா போ. ஓடைக்கரையில ஒரு கையிலயும் காப்பு ஏறாது. அவங்கதான டெஸ்ட்டு எங்களுதுன்னு வாங்கினாங்க? வச்சு ஆளட்டும்."

"யாரும் கட்டலைன்னா வலி கண்ட இடத்துல விழும்க்கா. உன் மேலயே விழும்."

"அணைஞ்சபெருமாள் அண்ணாச்சியை எனக்குத் தெரியும்டே. மேலத்தெரு மண்டகப்படிக்கு ஆள் இல்லன்னு ஊர் சொல்ல விடமாட்டாரு. அதுக்குச் செத்துரலாம்னு நினைக்க ஆளு அவரு." அவள் தம்பியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "நீ எனக்காக மெதுவாப் போட்டேன்னு வச்சுக்க, தொலைச்சுருவேன். ஒரு பந்து மிச்சம் வைக்கக் கூடாது. நினைச்ச மாதிரி ஒருத்தனை நாள் பூரா நகத்திச் சாயங்காலம் எடு."

கொம்பையா அன்றைக்கே ரெண்டு பக்கமும் பதில் சொன்னான். லீக்கின் ஏஜெண்ட் போனில் கெஞ்சினான்: "டெஸ்ட்டு முதுகைத் தின்னுரும் சார், இப்பவே நாலு வருசம் சம்பாதிச்சிருங்க." "என் முதுகை எங்க ஊர் பாத்துக்கிடும்" என்று வைத்துவிட்டான். ஏஜெண்ட் அதைச் சும்மா பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டான்.

கொம்பையா விமானம் ஏறின வாரம் கொத்தாளங்குளத்திலிருந்து பெங்களூரு போகிற பஸ்ஸில் சீட்டு கிடைக்கவில்லை. மேலத்தெருவில் ஒருவருக்கு மகள் வீட்டில் வளைகாப்பு, இன்னொருவருக்குக் காசி, இன்னொருவருக்குக் கண் ஆபரேஷன். கோவில் வாசலில் 'நாடே முதல்' என்ற பேனர் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் சொன்ன மாதிரியே நடந்தது. டெஸ்ட் தொடங்குகிற அன்றைக்குப் பட்டுவேட்டி கட்டி, பரிவட்டம் கட்டி, ஊரில் மிச்சமிருந்த ஜனம் பார்க்க, தர்மகர்த்தா அணைஞ்சபெருமாள் தன் கையிலேயே காப்பைக் கட்டிக்கொண்டார். "இன்றைய மண்டகப்படி மேலத்தெரு!" என்று மைக்கில் அவரே சொல்லவும் செய்தார். அவருக்கு வேண்டப்பட்டவர்களே பயந்துபோய்க் கையைப் பிடித்துத் தடுத்தார்கள், அவர் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் அவருடைய தைரியத்தைக் குறை சொல்லக் கூடாது.

மண்டபத்தில் பெரிய டிவி வைத்தார்கள். டாஸ் ஜெயித்த கேப்டன் பந்து வீச்சைத் தேர்ந்தெடுத்தார். முதல் ஓவரில் தர்மகர்த்தா மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஞ்சாவது ஓவரில் தூணில் சாய்ந்தார். சாப்பாட்டு இடைவேளைக்கு அவரைப் படுக்க வைத்து வெந்நீர்ப் பை கொடுத்தார்கள். இடைவேளை முடிந்து கொம்பையா திரும்பப் பந்தை வாங்கினபோது, அவர் வாயிலிருந்து ஆத்தா பெயரைத் தவிர ஒன்றும் வரவில்லை. வெளிநாட்டுப் பேட்ஸ்மேன் ஒருவன் நங்கூரம் போட்டு நின்றுகொண்டான். கொம்பையா அவனுக்கு வெளியே போகிற பந்தாகப் போட்டான், இன்னொன்று போட்டான், மறுபடியும் அதையே போட்டான். அவன் கால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது.

அவள் வேலை முடிந்து உடுப்போடு வந்து மண்டபத்தின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மஞ்சள் நூல்கண்டு. அதன் மறுநுனி அவளுக்குப் பின்னால் தேரடியைத் தாண்டி, பஜாரைத் தாண்டி, ஓடைக்கரைத் தெருவுக்குள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஜனங்கள் நூலைத் தரையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் காத்திருந்தார்கள், கையில் எடுக்கவில்லை.

"இங்க என்ன பாக்க வந்த?" என்றார் தர்மகர்த்தா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஸ்கோர் பாக்கத்தான் அண்ணாச்சி."

அடுத்த ஓவரில் அவர் முகம் சாம்பல் மாதிரி வெளுத்துவிட்டது. வயசான மனுஷன். உண்மையைச் சொன்னால் தங்கபுஷ்பத்துக்கு மனசு இளகிவிட்டது. பேரும் வேண்டாம் நாளும் வேண்டாம், நூலைக் கொடுத்துத் தொலைப்போம் என்று எழுந்தேவிட்டாள். எழுந்தவள் படிக்குக் கீழே, மண்டபத்து வெளிச்சுவரில் எண்ணெய்ப் புகை படிந்த கறுப்பைப் பார்த்தாள். அது தீவட்டிப் புகை. வருஷா வருஷம் அவள் அப்பா அந்த இடத்தில்தான் நிறுத்தப்படுவார். அவள் திரும்ப உட்கார்ந்துகொண்டாள். கண்ணீர் வந்தது, அதைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"நூலைக் கொடு தாயீ" என்றார் தர்மகர்த்தா. அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பேரைச் சொல்லுங்க அண்ணாச்சி."

"பத்து நாளுக்கும் ஆள் இருக்கு புஷ்பம். எவன்கிட்டப் போய் எவன் நாளைப் பிடுங்கச் சொல்லுத? எவன் விடுவான்?"

"எட்டாம் நாள் உங்க வீட்டு நாள்தான?"

அவர் அவளைப் பார்த்தார். டிவியில் கொம்பையா பந்தைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு நடந்துபோனான். எட்டாம் நாள் அவர் தாத்தா வாங்கிய நாள், அவர் மகனுக்குப் போக வேண்டிய நாள். அந்த மகன் துபாயிலிருந்து பத்து வருஷமாக எட்டாம் நாளுக்கு வந்ததில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மைக்கை இழுத்து, அவர் சொல்லிவிட்டார். ரெண்டு குத்துக்கு நடுவே மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "சித்திரை எட்டாம் நாள்... மண்டகப்படி... ஓடைக்கரைத் தெரு."

தங்கபுஷ்பம் படி ஏறி மேலே வந்தாள். அந்தப் படிகளில் அவள் தெரு ஆள் ஏறினது அன்றைக்குத்தான். நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கைக் குனிந்து பார்த்தாள்.

"மைக்கு ஆப்ல இருக்கு அண்ணாச்சி. ஆன் பண்ணிட்டுச் சொல்லுங்க."

தர்மகர்த்தா மைக்கைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். கொம்பையா ஓட ஆரம்பித்திருந்தான். அவர் சட்டென்று ஸ்விட்சைத் தட்டினார். கோவில் கோபுரத்திலும் தேரடியிலும் பஜாரிலும் கட்டியிருந்த குழாய் ரேடியோவெல்லாம் ஒருமுறை கீச்சிட்டு, பிறகு அவர் குரலை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைத் தெருவுக்குள் போய்ப் பெயர் முழுசாக விழுந்து முடிந்தபின்தான், தங்கபுஷ்பம் நூல் நுனியை அவர் காப்போடு முடிந்தாள், அங்கே பேச்சித்தாய் முதல் ஆளாகக் குனிந்து நூலைக் கையில் எடுத்தாள்.